பயற்றுத் தொலி சூட்டைத் தணிக்கும், விஷத்தை முறிக்காது



சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, மருந்தடிப்பு வேலை பார்க்கும் ஓர் அம்மா என் மருந்தகத்துக்கு வந்தார். கையில் இளஞ்சிவப்புத் தாளில் மடித்த ஒரு பொட்டலம்.

"டிரஸர் ஐயா, நேத்து கிள்ளானுக்குப் போனப்ப சீன மருந்துக் கடையில வாங்கினேன். மருந்தடிக்கிற உடம்புக்கு நல்லதாம். உள்ள போன விஷத்தையெல்லாம் எடுத்துடுமாம். காய்ச்சிக் குடிக்கலாமா?"

பொட்டலத்தைப் பிரித்தேன். பச்சை நிறத்தில், சுருண்டு காய்ந்த சின்னச் சின்னச் சருகுகள். முகர்ந்து பார்த்தேன். பழகிய வாடைதான்.

"அம்மா, இது நம்ம பச்சைப்பயற்றுத் தொலி. பயற்றை ஊற வச்சுத் தேய்ச்சு, தண்ணியோட சாக்கடையில ஊத்துறீங்களே, அதேதான்" என்றேன்.

"அட கடவுளே! அதுக்கா காசு கொடுத்தேன்?" என்று சிரித்துவிட்டார்.

நானும் சிரித்தேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி சிரித்துவிட்டுப் போகக்கூடியது அல்ல. அந்தத் தொலிக்கு நல்ல குணங்கள் உண்டு. அதை மறுக்க நான் வரவில்லை. அதே தொலியை நம்பி ஓர் உயிர் போனதையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த மாதம் பயற்றுத் தொலியைப் பற்றியே எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் கேட்கும்படி ஒருவர் படியுங்கள்.

பயற்றின் சட்டை

சீன மருந்துக் கடையில் இதன் பெயர் 'லூ தௌ யீ'. 'லூ' என்றால் பச்சை, 'தௌ' என்றால் பயறு, 'யீ' என்றால் உடுப்பு. பச்சைப்பயற்றின் சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். பயற்றை ஊற வைத்துத் தேய்த்துத் தொலியை எடுத்துக் காயப்போடுவது ஒரு வழி. பசாரில் நாம் வாங்குகிற தவ்கே இருக்கிறதே, அதை முளைக்கப் போடும்போது கழன்று மிதக்கும் தொலியை அள்ளிக் காயவைப்பது இன்னொரு வழி. எந்தப் பொருளும் வீணாகாமல் பார்த்துக்கொள்வதில் சீனர் கெட்டிக்காரர்கள்.

இந்தப் பயறு முதலில் பயிரானது நம் இந்திய மண்ணில்தான். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே பயிர் செய்திருக்கிறார்கள். அங்கிருந்து கிழக்கே போய்ச் சீன நாட்டுச் சமையலிலும் வைத்தியத்திலும் சேர்ந்தது. நாம் பருப்பை வைத்துக்கொண்டு தொலியைக் கொட்டினோம். அவர்கள் தொலிக்குத் தனியாக ஒரு டிராயர் ஒதுக்கி, தராசில் நிறுத்துக் கொடுக்கிறார்கள்.

இந்த நாட்டில் சீன வைத்தியம் நேற்று வந்ததல்ல. ஈயச் சுரங்கக் கூலிகளோடு வந்தது. பேராவில் கோப்பெங்கில் இயு யான் சாங் மருந்துக் கடை தொடங்கியது 1879-இல். கோலாலம்பூர் புடுவில் இருக்கும் துங் ஷின் மருத்துவமனையின் தொடக்கம் 1881-இல். காட்டை வெட்டியவனும் ஈயம் தோண்டியவனும் காய்ச்சலில் விழுந்தபோது அவரவர் ஊர் வைத்தியமே முதல் துணை. நம் பாட்டன்மார் ரப்பர் காட்டில் சுக்கும் மிளகும் இடித்துக் குடித்தது போலத்தான் இதுவும்.

தொலிக்கு ஏன் அந்த மதிப்பு?

லீ ஷிசென் என்ற சீன வைத்தியர் எழுதி, 1596-இல் அச்சான பெரிய மருந்து நூல் ஒன்று உண்டு. பச்சைப்பயற்றின் பருப்பு சமக் குணம், தொலிதான் குளிர்ச்சி என்று அதில் பிரித்துச் சொல்கிறார். சூடு, தாகம், வீக்கம், கண் மங்கல் ஆகியவற்றுக்குச் சீன வைத்தியத்தில் பச்சைப்பயறும் அதன் தொலியும் வழங்கி வருகின்றன. காய்ந்த தொலியைத் தலையணையில் அடைத்துப் படுத்தால் கண்ணுக்கு நல்லது என்ற பழக்கமும் உண்டு.

இதைக் கேட்டால் நமக்குப் புதிதாகத் தோன்றாது. சூடு, குளிர்ச்சி என்ற பேச்சு நம் வீட்டிலும் உண்டு, மலாய்க்காரர் வீட்டிலும் உண்டு. மாம்பழம் சூடு, இளநீர் குளிர்ச்சி என்று நம் பாட்டி சொன்னாள். டுரியான் சூடு, மங்குஸ்தீன் குளிர்ச்சி என்று பக்கத்து வீட்டு மாக்சிக் சொல்கிறார். பச்சைப்பயறு குளிர்ச்சி என்பதில் மூன்று இனமும் ஒரே கட்சி. கிள்ளானில் ஹொக்கியன் பேசுகிறவர் 'லெக் தாவ்' என்று கஞ்சி காய்ச்சுகிறார். கோலாலம்பூரில் கன்டனீஸ்காரர் 'லுக் தாவ்' என்கிறார். மலாய்க்காரர் தேங்காய்ப்பால் ஊற்றி 'புபோர் கச்சாங் ஈஜாவ்' செய்கிறார். நாம் பயத்தம் பாயசம் வைக்கிறோம், பயத்தமாவு அரைத்துப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறோம்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

இக்காலத்தில் இதைச் சோதனைக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள். பச்சைப்பயற்றில் வைட்டெக்சின், ஐசோவைட்டெக்சின் என்று இரண்டு பொருள்கள் இருக்கின்றன. இவை இரண்டும் பெரும்பாலும் தொலியில்தான் இருக்கின்றன, பருப்பில் மிகக் குறைவு. 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பயற்று நீர் கொடுத்த எலிகளை வெப்பத்தில் வைத்துப் பார்த்தபோது, வெப்பத்தால் உடலுக்கு ஏற்படும் சேதத்தின் அடையாளங்கள் குறைந்திருந்தன. 2012-இல் இன்னோர் ஆய்வில், இரத்தத்தில் கிருமி பரவிய சுண்டெலிகளுக்குத் தொலிச் சாறு கொடுத்தபோது கூடுதலானவை பிழைத்தன.

ஆகவே பழைய வைத்தியர் தொலியைப் பிரித்துச் சொன்னதில் காரணம் இருக்கிறது. ஆனால் கவனியுங்கள்: இவை எலியிடம் பார்த்த சோதனைகள். எலிக்கு உதவியது மனிதனுக்கும் அதே அளவில் உதவும் என்று யாரும் இன்னும் நிலைநாட்டவில்லை. 'சயன்ஸே சொல்லிடுச்சு' என்று யாராவது டப்பா விற்க வந்தால், 'எலிக்குச் சொன்னதா, ஆளுக்குச் சொன்னதா?' என்று கேளுங்கள்.

வீட்டில் காய்ச்சும் முறை

இதற்காகக் கிள்ளானுக்கு பஸ் ஏற வேண்டாம். பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடையிலோ நம் ஒட்டுக்கடையிலோ கிடைக்கும் முழுப் பச்சைப்பயறே போதும்.

ஒரு கைப்பிடி பயற்றை நன்றாகக் கழுவுங்கள். ஆறு கிளாஸ் தண்ணீர் கொதித்த பிறகு பயற்றைப் போட்டு, மூடி வைத்துப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். நீர் இளம்பச்சையாக இருக்கும்போதே வடித்து ஆற வையுங்கள். சூட்டுக்கு என்று சீனர் குடிப்பது இந்தப் பச்சை நீரைத்தான். அதிக நேரம் கொதித்தாலோ திறந்து கிடந்தாலோ காற்றுப் பட்டு நீர் சிவந்துவிடும். சிவந்தால் விஷமாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். பச்சை நிறம்தான் போனது.

வடித்த பயற்றைக் கொட்டிவிடாதீர்கள். மறுபடி தண்ணீர் ஊற்றி வேகவைத்து, வெங்காயமும் மிளகாயும் தாளித்துத் தொலியோடு சுண்டலாகச் சாப்பிடுங்கள். காய்ந்த முழுப்பயறு 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதமும் 16 கிராம் நார்ச்சத்தும் உண்டு. தொலியை நீக்கினால் அந்த நாரில் ஒரு பெரும் பங்கு போய்விடும். மூட்டை தூக்குகிற, குலை வெட்டுகிற உடம்புக்கு இதைவிட மலிவான பலம் கிடையாது. தொலியின் முதல் பயன் மருந்தாக அல்ல, சாப்பாடாகத்தான் என்பது என் கருத்து.

யார் யார் கவனிக்க வேண்டும்?

இனிப்பு நீர் உள்ளவர்கள்: கடையில் விற்கும் புபோரிலும் லெக் தாவிலும் சீனி அள்ளிப் போட்டிருப்பார்கள். 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடம்தான் மிக அதிகம். 'குளிர்ச்சி' என்று சொல்லிச் சீனித் தண்ணீர் குடித்தால் உடம்பு குளிராது, கால் புண்தான் ஆறாது. சீனி இல்லாமல் குடியுங்கள்.

சிறுநீரக நோயாளிகள், டயாலிசிஸ் செய்கிறவர்கள்: பயற்றில் பொட்டாசியம் அதிகம். கொதிக்க வைத்தால் அது நீரில் இறங்கும். உங்களுக்கு இது நல்லதல்ல. டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

வயிற்றுப்போக்கு உள்ளவர்கள்: சீன வைத்தியரே இவர்களுக்குக் கொடுக்க மாட்டார். உப்பும் சீனியும் கலந்த ஓஆர்எஸ் தூள் மருந்தகத்தில் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, மாத்திரை சாப்பிடுகிறவர்கள். சீன மருந்து குடிக்கும் நாளில் லெக் தாவ் சாப்பிட்டால் மருந்து முறிந்துவிடும் என்று சீனரிடையே ஒரு பேச்சு உண்டு. அது நம் காதுக்கு வந்து வேறு மாதிரி ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி, பயற்று நீர் குடிக்கிற பத்து நாளும் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். "ரெண்டும் ஒண்ணா சேரக்கூடாதுன்னாங்க ஐயா, அதான்" என்றார். அளந்து பார்த்தால் பிரஷர் மேலே 200-ஐத் தாண்டி நிற்கிறது. நல்ல வேளை, அன்றைக்குத் தலை சுற்றி என்னிடம் வந்தார். ஒரு கிண்ணம் பயற்று நீருக்காகப் பிரஷர் மாத்திரையையோ இனிப்பு நீர் மாத்திரையையோ காச நோய் மாத்திரையையோ ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். சந்தேகம் இருந்தால் பயற்றை நிறுத்துங்கள், மாத்திரையை அல்ல.

எல்லாத் தொலியும் ஒன்றல்ல

சீன மருந்துக் கடையில் இன்னும் சில தொலிகள் உண்டு. கறுப்பு சோயாத் தொலி, அவரைக்கொட்டைத் தொலி, பட்டையாகத் தடித்திருக்கும் 'புரோட் பீன்' என்ற கொட்டையின் தொலி. இந்தக் கடைசி வகையில்தான் எச்சரிக்கை வேண்டும். ஜி6பிடி குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குப் புரோட் பீன் ஆகாது. இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் கறுத்து, பிள்ளை மஞ்சளாகிவிடும். நம் நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிறந்தவுடனே தொப்புள்கொடி இரத்தத்தில் இதைச் சோதிக்கிறார்கள். குழந்தையின் கார்டை எடுத்துப் பாருங்கள். 'ஜி6பிடி' குறைவு என்று எழுதியிருந்தால், அந்தப் பிள்ளைக்குப் பெயர் தெரியாத எந்தத் தொலியும் எந்த வேரும் காய்ச்சிக் கொடுக்காதீர்கள். துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டையும் அப்பிள்ளை பக்கத்தில் இருக்கக்கூடாது.

தொலி கண்ணுக்குத் தெரிகிற பொருள். பெயர் தெரியாத கறுப்பு உருண்டை மாத்திரை அப்படியல்ல. வலி பறந்துபோகிறது என்று விற்கும் சில பாரம்பரிய மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல முறை பிடித்திருக்கிறது. 1992 முதல் நம் நாட்டில் பாரம்பரிய மருந்துகளைப் பதிவு செய்கிறார்கள். டப்பாவில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கி 'டி' என்று முடியும் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சூடு என்றால் எந்தச் சூடு?

நம் உடம்புச் சூடு ஒன்று. வெயிலில் அடிபடுவது வேறு. பெர்லிஸ் சூப்பிங்கில் 1998 ஏப்ரலில் 40.1 டிகிரி வரை வெயில் ஏறியது. செம்பனைக் காட்டில் காற்றில்லாத இடத்தில், ரப்பர் பூட்ஸும் ஏப்ரனும் மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவருக்கு அதைவிடக் குறைந்த வெயிலே ஆபத்து.

இதற்குப் பயற்று நீர் உதவும், நீர் என்ற அளவில். கடும் வெயில் வேலையில் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு கப் நீர் உள்ளே போக வேண்டும். அது பயற்று நீரானாலும் சரி, வெறும் நீரானாலும் சரி. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஆனால் ஒருவருக்குப் பேச்சுக் குழறினால், தடுமாறினால், ஆளை அடையாளம் தெரியாமல் உளறினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால், அது வெப்பத் தாக்கு. அங்கே கஞ்சி காய்ச்ச நேரமில்லை. நிழலுக்கு இழுங்கள், மேல்துணியைக் கழற்றுங்கள், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஐஸ் இருந்தால் கழுத்திலும் அக்குளிலும் வையுங்கள், 999-ஐக் கூப்பிடுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

இனி விஷத்தைப் பற்றி

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்.

அந்த அம்மாவுக்குச் சொன்னது போல, 'பச்சைப்பயறு விஷத்தை முறிக்கும்' என்பது சீன வைத்தியத்தில் பழைய வாக்கு. உலோகம், பாஷாணம், மூலிகை நஞ்சு எல்லாவற்றுக்கும் ஆகும் என்று அந்த 1596-ஆம் ஆண்டு நூலும் சொல்கிறது. அது எழுதிய காலத்தில் விஷம் என்றால் வேரும் பாஷாணமும்தான். நாம் காட்டில் அடிக்கிற களைக்கொல்லி அப்போது உலகத்திலேயே இல்லை. பாராகுவாட் என்ற களைக்கொல்லி விற்பனைக்கு வந்தது 1962-இல். நானூறு வருஷத்துக்கு முன் எழுதியவருக்கு அதை முறிக்கிற வழி எப்படித் தெரியும்? அவர் மேல் குற்றமில்லை. அந்த வாக்கை இன்றைய விஷத்துக்குப் பொருத்துகிற நம் மேல்தான் குற்றம்.

2008-இல் நான் வேறொரு தோட்டத்தில் வேலை செய்தேன். அங்கே ஓர் இளைஞர், வயது 26, கல்யாணமாகி ஒரு வருஷம். காட்டில் மரத்தடியில் இருந்த காப்பி போத்தலை எடுத்து ஒரு வாய் குடித்திருக்கிறார். உள்ளே இருந்தது காப்பி அல்ல. யாரோ பாராகுவாட்டைக் கொஞ்சம் ஊற்றி வைத்திருந்தார்கள். பெரும்பகுதியைத் துப்பிவிட்டார். ஒரு மிடறு உள்ளே போய்விட்டது. வாந்தி எடுத்தார். லயத்தில் பக்கத்து வீட்டார், நல்ல எண்ணத்தோடுதான், பயற்றுத் தொலியைக் காய்ச்சி இரண்டு செம்பு குடிக்கக் கொடுத்தார்கள். வாந்தி நின்றது. "விஷம் முறிஞ்சுடுச்சு" என்று எல்லாரும் நிம்மதியாகத் தூங்கப் போனார்கள்.

மறுநாள் அவர் என்னிடம் வந்தார். "ஐயா, வாயெல்லாம் புண்ணா இருக்கு" என்றார். போத்தலைப் பற்றிச் சொல்லவில்லை. மருந்தைப் போத்தலில் ஊற்றி வைத்தது தெரிந்தால் யாருக்காவது வேலை போகும் என்று பயந்திருக்கிறார். நானும் கேட்கவில்லை. நாக்கில் தோல் உரிந்திருந்ததைப் பார்த்தும், சூட்டுப் புண் என்று நினைத்து, ஊதா மருந்தைப் பூசி அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் சிறுநீர் குறைந்தது. அப்போதுதான் அவர் மனைவி அழுதுகொண்டு வந்து உண்மையைச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். முதலில் சிறுநீரகம், பிறகு நுரையீரல். பதினோராம் நாள் மூச்சுக்குத் தவித்து இறந்தார். கடைசி வரைக்கும் நினைவு தெளிவாக இருந்தது.

பயற்று நீர் அவரைக் கொல்லவில்லை. முதல் மணி நேரத்திலேயே கொண்டு போயிருந்தால் கட்டாயம் பிழைத்திருப்பார் என்று சொல்லவும் எனக்கு வாயில்லை. பாராகுவாட்டுக்கு இன்றுவரை மாற்று மருந்து கிடையாது. ஆனால் ஏதாவது வாய்ப்பு இருந்தது என்றால் அது அந்த முதல் சில மணி நேரத்தில்தான் இருந்தது. பயறு கொடுத்த நிம்மதியில் அந்த நேரம் போனது. நான் கேட்காமல் விட்டதில் இன்னும் ஒரு நாள் போனது. அதற்குப் பிறகு வாய்ப்புண் என்று யார் வந்தாலும் "என்ன குடிச்சே, எதைத் தொட்டே?" என்று கேட்காமல் நான் விட்டதில்லை.

ஏமாற்றும் இடைவெளி

இப்படிப்பட்ட விஷங்களின் சூது இதுதான்: குடித்த அன்றைக்கு ஆள் நன்றாக இருப்பது போலத் தெரியும். பாராகுவாட் நுரையீரலில் போய்ச் சேர்ந்து, நாள்கணக்கில் அதைக் கெடுக்கும். குளுபோசினேட் என்ற களைக்கொல்லியைக் குடித்தவர் பல மணி நேரம் எழுந்து நடமாடுவார். பிறகு திடீரென்று வலிப்பு வந்து மயங்குவார். செம்பனைக் காட்டில் போடும் எலி மருந்து சில நாள் கழித்தே இரத்தக் கசிவைக் காட்டும். அந்த இடைவெளியில் எதைக் கொடுத்தாலும், கொடுத்ததுதான் குணமாக்கியது என்று தோன்றும். பயற்று நீரானாலும் இளநீரானாலும், மந்திரித்த தண்ணீரானாலும் அப்படித்தான். அது குணம் அல்ல, விஷம் எடுத்துக்கொள்கிற அவகாசம்.

இதற்கு நேர்மாறாக, ஆஸ்பத்திரியில் சில விஷங்களுக்கு உண்மையான மருந்து இருக்கிறது. பூச்சிமருந்து வகையில் எச்சில் ஒழுகி, கண்மணி சுருங்கி, உடம்பு துடிக்கும்போது அட்ரோப்பின் ஊசி உயிரைக் காக்கும். எலி மருந்துக்கு வைட்டமின் கே இருக்கிறது. எந்த விஷம் என்று தெரிந்தால்தான் எந்த ஊசி என்று தெரியும்.

ஆகவே விஷம் பட்டால் செய்ய வேண்டியது:

1. தோலில் பட்டால் உடனே நனைந்த உடுப்பைக் கழற்றி, சோப்புப் போட்டு, ஓடுகிற நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். வேலை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

2. கண்ணில் தெறித்தால் இமையைப் பிரித்து 15 நிமிடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

3. வாய்க்குள் போனால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், பால், பயற்று நீர் எதுவும் கொடுக்காதீர்கள். 999-ஐக் கூப்பிடுங்கள், அல்லது கிடைக்கிற வண்டியில் ஏற்றுங்கள்.

4. போத்தலை, லேபிளோடு, கூடவே கொண்டு போங்கள். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய விஷ மையம் 1994 முதல் இயங்குகிறது. பெயர் தெரிந்தால் டாக்டர்கள் அங்கே கேட்டு உறுதி செய்துகொள்வார்கள்.

5. 'இப்ப நல்லாத்தான் இருக்கேன்' என்று அவரே சொன்னாலும் விடாதீர்கள்.

6. உண்மையை மறைக்காதீர்கள். யார் ஊற்றி வைத்தது என்ற விசாரணை பிறகு நடக்கட்டும். உயிர் முதலில்.

தடை வந்த கதை

பாராகுவாட்டுக்கு நம் நாட்டில் தடை சும்மா வரவில்லை. 2002-இல் தெனாகனித்தா அமைப்பும், ஆசிய பசிபிக் வட்டாரத்தின் பூச்சிமருந்து எதிர்ப்பு அமைப்பும் சேர்ந்து, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்கள் படும் பாட்டை ஓர் ஆய்வாக வெளியிட்டன. நகம் கழன்றது, மூக்கில் இரத்தம் வந்தது, கண் எரிந்தது என்று நம் அக்காமார் சொன்னவைதான் அதில் இருந்தன. அதே ஆண்டு படிப்படியாகத் தடை செய்யப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. 2006-இல் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். பிறகு 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. நான் சொன்ன அந்தத் தம்பி இறந்த 2008, இந்த இடைப்பட்ட காலத்தில் வருகிறது.

பாராகுவாட் போனதால் மற்ற மருந்துகள் எல்லாம் பன்னீர் ஆகிவிடவில்லை. கையுறை, முகமூடி, பூட்ஸ், கழுவ நீர், சோப்பு ஆகியவை நாம் கெஞ்சி வாங்குகிற தர்மம் அல்ல. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலை செய்கிறவரின் பாதுகாப்பு வேலை கொடுப்பவரின் பொறுப்பு. இவை கிடைக்காவிட்டால் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள், சங்கத்துக்கு எழுதுங்கள். வீட்டில் பழைய மருந்துப் போத்தல் ஏதாவது கிடந்தால் இன்றைக்கே மண்டோரிடம் ஒப்படையுங்கள். குடிக்கிற போத்தலில் எந்த மருந்தையும், ஒரு நிமிடத்துக்குக்கூட, ஊற்றி வைக்காதீர்கள்.

உடம்பில் விஷம் ஏறாமல் காப்பது கையுறையும் சோப்பும்தான். ஏறிய பிறகு தொலியால் இறக்க முடியாது.

அந்த அம்மாவுக்கு நான் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். "குடிங்க அம்மா, சீனி போடாம குடிங்க, வெயிலுக்கு நல்லதுதான். ஆனா மருந்தடிச்சுட்டு வந்த கையோட முதல்ல குளிங்க. உடுப்பைத் தனியா துவைங்க. அப்புறமா பயறு குடிங்க" என்றேன். பிறகு அவர் கைகளைத் திருப்பிப் பார்த்தேன். விரல் நகங்கள் இரண்டு கறுத்திருந்தன. எத்தனை நாளாக என்று கேட்டேன். "அது கிடக்குது ஐயா, ஆறு மாசமா" என்றார்.

அதற்குத்தான் அவர் முதலில் வந்திருக்க வேண்டும். டாக்டரிடம் காட்டச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் மருந்தடிக்கிறவர் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் அவர் கையை ஒரு முறை வாங்கிப் பாருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.

உங்கள் தோட்டத்து டிரஸர்